ஏலகிரி மாணவர் ஒருவர் பார்த்த ஏழு படங்கள்

திரைப்படத்தைக் குறித்துத் திருச்சபை சிந்திக்கத் தொடங்கியது நேற்று இன்று அன்று. 1936ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் திரைப்படங்களைப் பற்றித் தனிச் சுற்றுமடல் ஒன்றை எழுதினார். 1957இல் பன்னிரண்டாம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் ஆராய்ந்து மற்றொரு மடல் வரைந்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டது. திரைக்கலையின் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட 1995இல், சமயம், விழுமியங்கள், கலை என்னும் மூன்று தலைப்புகளில், தலைப்புக்கு 15 வீதம் 45 படங்களைத் தேர்ந்தெடுத்து வத்திக்கான் ஒரு பட்டியலே தந்தது.

ஆயினும் நம் பங்குகளில் திரைப்படம் பெரும்பாலும் இரண்டே வழிகளில் நுழைகிறது. முதலாவது வழி எச்சரிக்கை: "சினிமா பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்னும் மறையுரை. இரண்டாவது வழி பயன்பாடு: தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைத் திரை கட்டிக் காட்டுகிறோம், மறைக்கல்வி வகுப்பில் ஒரு குறும்படத்தை ஓட்டிவிட்டு, விளக்கைப் போட்ட மறுகணமே, "இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன?" என்று கேட்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையே, ஒரு படத்தின் முன் அமைதியாக அமர்ந்து, அது காட்டுவதைக் காணும் பழக்கம் நம்மிடையே வேர்கொள்ளவில்லை.

இவ்வாறு எண்ணத் தூண்டியது ஒரு குறிப்பேடு. ஏலகிரி மலையில் பிறந்து வளர்ந்து, இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் இளைஞர் ஒருவர், சில சனிக்கிழமை மாலைகளில் நண்பர்கள் நால்வரோடு ஏழு படங்களைப் பார்த்தார். நான்கு முழுநீளப் படங்கள், மூன்று குறும்படங்கள். ஒவ்வொன்றையும் பார்த்த இரவே தம் மனத்தில் பட்டதைப் பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் எழுதிவைத்தார். அதைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் தந்தார். அவருடைய இசைவோடு அக்குறிப்புகளையும், அவற்றின் வழியாக அப்படங்களையும் இங்கே மதிப்பிட முயல்கிறேன்.

அவர் எங்கிருந்து பார்க்கிறார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏலகிரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் சோலையார்பேட்டை இரயில் சந்திப்பு. அங்கிருந்து பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என்று தோலும் காலணியும் சோறு போடும் ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. விடியுமுன்னே சிற்றூர்ச் சந்திப்புகளில் பெண்கள் கையில் சோற்றுப் பாத்திரத்தோடு கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருப்பது இங்கே அன்றாடக் காட்சி. இம்மாணவரின் தாயாரும் அவர்களுள் ஒருவர். காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறார்.

சைக்கிளும் படுக்கை விரிப்புகளும்

முதற்படம் விட்டோரியோ டி சிகா 1948இல் எடுத்த 'பைசிக்கிள் தீவ்ஸ்'. போருக்குப் பிந்திய உரோமை நகரில் வேலையின்றித் தவிக்கும் அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். அதுவோ அடகுக் கடையில் இருக்கிறது. மனைவி மரியா வீட்டுப் படுக்கை விரிப்புகளை உருவி எடுத்துச் சென்று அடகு வைத்துச் சைக்கிளை மீட்டுத் தருகிறாள். வேலையின் முதல் நாளே சைக்கிள் திருடப்படுகிறது. தந்தையும் சிறுவன் புரூனோவும் நகரெங்கும் அதைத் தேடி அலைவதே கதை.

மாணவர் தம் குறிப்பில் கதையை இரண்டே வரிகளில் முடித்துவிட்டார். அரைப்பக்கத்துக்கு அவர் எழுதியிருப்பது ஒரு காட்சியைப் பற்றி. அடகுக் கடை ஊழியர் மரியாவின் விரிப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு உயரமான அடுக்கின்மேல் ஏறுகிறார். கூரை வரை அங்கே மூட்டைகள். அத்தனையும் வேறு வேறு வீடுகளின் விரிப்புகள். ஒரு குடும்பத்தின் துன்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தமக்கு ஓர் ஊரே வெறுந்தரையில் படுத்திருப்பது அந்த நொடியில் தெரிந்தது என்று அவர் எழுதுகிறார். ஆம்பூர் அடகுக் கடையொன்றில் தாயாரோடு நின்ற நினைவும் வந்ததாம்.

திரைக்கலை நூல் எதையும் இவர் படித்தவரல்லர். ஆயினும் இப்படத்தின் கலைநெறியை இவரது கண் பற்றிக்கொண்டுவிட்டது. டி சிகாவும் திரைக்கதை ஆசிரியர் செசாரே சவாத்தினியும் வறுமையைப் பற்றி யாரையும் பேச வைக்கவில்லை. கேமரா சற்றே மேல்நோக்கி நகர்கிறது, அவ்வளவே. அந்தோனியோவாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி நடிகரல்லர், ஆலைத் தொழிலாளி. அந்த முகத்தில் உள்ள களைப்பு ஒப்பனையால் வந்ததன்று. படம் முடிந்து ஆலைக்குத் திரும்பிய அவர் பின்னர் அவ்வேலையையும் இழந்தார் என்பது திரைக்கு வெளியே நிகழ்ந்த துயரம்.

குறிப்பின் இறுதியில் மாணவர் தயக்கத்தோடு ஒன்றைக் கேட்டிருக்கிறார். திருடனுக்குத் துணைபோன முதியவரைத் துரத்திக்கொண்டு அந்தோனியோ ஒரு கோவிலுக்குள் நுழைகிறான். அங்கே வசதி படைத்தோர் ஏழைகளுக்கு முகம் மழித்துவிட்டுத் திருப்பலிக்கு அமர்த்துகிறார்கள்; வழிபாடு முடிந்தபின் சூப் கிடைக்கும். தன் பிழைப்புப் பறிபோனதைப் பற்றி முதியவரிடம் கெஞ்சும் அந்தோனியோவைச் சுற்றியுள்ளோர் "உஸ்" என்று அடக்குகிறார்கள். 'கோவிலைப் பற்றி இப்படிக் காட்டியிருப்பதைத் தாங்கள் எவ்வாறு எடுத்துக்கொள்கிறீர்கள்?' என்பது அவர் கேள்வி.

கேள்விக்கு நேராகவே விடை சொல்ல வேண்டும். அக்காட்சி ஒரு குருவைச் சுடுகிறது. அங்குள்ளோர் கொடியவரல்லர், செய்வது பொய்யான அறமும் அன்று. சூப் உண்மையானது, செபமும் உண்மையானது. ஆனால் எதிரே நிற்பவனுக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்க அங்கே எவருக்கும் நேரமில்லை. நம் பங்குகளில் அன்னதானமும் வழிபாடும் ஒழுங்காக நடக்கும் நாள்களில் இக்காட்சியை நினைத்துக்கொள்வது நமக்கு நல்லது. 1995ஆம் ஆண்டின் வத்திக்கான் பட்டியலில், விழுமியங்கள் என்னும் தலைப்பின்கீழ் இப்படம் இடம்பெற்றிருக்கிறது. தன்னை முகம் சுளிக்க வைக்கும் படத்தையும் மதிக்கத் திருச்சபை அறிந்திருக்கிறது என்பதே நான் அம்மாணவருக்குச் சொன்ன மறுமொழி.

"மெதுவாகப் போகிறது"

இரண்டாவது, சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' (1955). இக்குறிப்பு ஒரு குறையோடு தொடங்குகிறது: படம் மிகவும் மெதுவாக நகர்கிறது, முதல் அரைமணி நேரம் நண்பர்கள் கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தனர். செவ்வியல் படங்களை முதன்முதலாகப் பார்க்கும் ஏறத்தாழ எல்லாருமே கூறும் குறை இது. இதை நாம் ஏளனம் செய்தலாகாது. விரைவான வெட்டுகளுக்கும் நொடிக்கு நொடி திருப்பங்களுக்கும் பழகிய கண், கதை நகராத இடத்தில் எதைப் பார்ப்பது என்று திகைக்கிறது.

அத்திகைப்பு எங்கே தீர்ந்தது என்பதையும் மாணவரே எழுதியிருக்கிறார். அக்காள் துர்க்கை அண்டை வீட்டு மணிமாலையைத் திருடிவிட்டாள் என்று பழி வருகிறது, அவள் மறுக்கிறாள், தாய் அவளை அடித்து இழுத்து வெளியே தள்ளுகிறாள். பின்னர் துர்க்கை காய்ச்சலில் இறந்துபோகிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில், சிறுவன் அப்பு அந்த மாலையைக் கண்டெடுக்கிறான். ஒருவரிடமும் சொல்லாமல் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மெல்ல மெல்ல மீண்டும் மூடிக்கொள்கிறது. அது மூடும் வரை நண்பர்கள் ஐவரும் மூச்சுக் காட்டவில்லை என்று குறிப்பு கூறுகிறது. படத்தின் வேகம் முன்பிருந்ததுதான். காத்திருக்க அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அக்காட்சியை ஒப்புரவு அருட்சாதனத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதத் தோன்றுகிறது. இறந்தவளின் குற்றத்தை அன்பு மூடுவதாகப் பொருள் கொள்ளலாம். ஆனால் ரே அப்படி எதுவும் சொல்லவில்லை, மாணவரும் சொல்லவில்லை. பாசி மூடியது என்று மட்டும் எழுதியிருக்கிறார். இந்த அடக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஊர் திரும்பும் தந்தை மகளுக்கென வாங்கிய சேலையை எடுத்துக்காட்ட, தாய் கதறும் இடத்தில் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. தார் ஷெனாய் இசையே அவ்விடத்தை நிரப்புகிறது. இதைக் குறிப்பில் காணவில்லை. அடுத்த முறை பார்க்கையில் காதைத் தீட்டிக்கொள்ளுமாறு சொல்லியிருக்கிறேன்.

ஒரு சோடிக் காலணி

மூன்றாவதாக அவர்கள் பார்த்தது ஈரான் நாட்டு இயக்குநர் மஜித் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997). காலணி தைக்கும் ஊர்களின் பிள்ளைகள் இதைப் பார்ப்பதில் தனிப்பொருள் உண்டு. படத்தின் தொடக்கக் காட்சியே பழுதுபார்ப்பவர் ஒருவரின் கைகள் சிறுமியின் கிழிந்த காலணியைத் தைப்பதுதான். அண்ணன் அலி அதை வாங்கிவரும் வழியில் தொலைத்துவிடுகிறான். புதிது வாங்கப் பெற்றோரிடம் பணமில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே அலியின் ஒரே சோடியைத் தங்கை காலையிலும் அண்ணன் பிற்பகலிலும் அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள்.

மாணவரின் குறிப்பில் என்னை மிகவும் பாதித்தது இப்பகுதியே. தம் தாயார் ஒரு நாளில் எத்தனை சோடிகளின் மேற்பகுதியைத் தைக்கிறார் என்று தாம் ஒருபோதும் கேட்டதில்லை என்கிறார் அவர். அச்சோடிகள் கப்பலேறி எந்த நாட்டுக் கால்களுக்குப் போகின்றன என்பதும் வீட்டில் பேசப்பட்டதில்லை. படம் முடிந்த இரவு கேட்டாராம். தாயார் சிரித்துவிட்டு, எண்ணிப் பார்த்தால் கை நின்றுவிடும் என்றாராம். ஈரானியப் படம் ஒன்று ஏலகிரியில் ஒரு தாயையும் மகனையும் பேச வைத்திருக்கிறது. திறனாய்வாளர் எவரும் ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டை வழங்கிவிட முடியாது.

ஆயினும் ஒரு சிறந்த இடத்தை அவர் தவறவிட்டிருக்கிறார். அலியின் தந்தை மசூதிக்குரிய சர்க்கரைக் கட்டிகளை வீட்டில் உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேநீர் கொண்டுவருகிறாள், சர்க்கரை கேட்கிறார். எதிரே இவ்வளவு இருக்கிறதே என்கிறாள் சிறுமி. அது நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டது என்று அவர் தொட மறுக்கிறார். வறிய ஒரு முஸ்லிம் குடும்பத்தின் இறையச்சத்தை இதனினும் இயல்பாகக் காட்ட இயலாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முஸ்லிம் அயலாரோடு ஒரே தெருவில் வாழும் நாம் காண வேண்டிய காட்சி அது.

வீடு

நான்காவது, பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). பாடல்களே இல்லாத தமிழ்ப் படம். அலுவலகம் ஒன்றில் பணியாற்றும் பெண், தங்கையோடும் முதிய தாத்தாவோடும் வாழ்பவள், சொந்தமாக ஒரு சிறு வீடு கட்ட முயன்று படும் பாடுகளே கதை. தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைத் தனியே பார்க்க வந்து, சுவர்களை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். அர்ச்சனாவின் நடிப்பும் படமும் தேசிய விருதுகள் பெற்றன.

'நம் தெருவைப் போலவே இருக்கிறது. அதனால் படமாகத் தோன்றவில்லை' என்று மாணவர் எழுதியிருக்கிறார். அவர் இதைக் குறையாகச் சொன்னாரா, நிறையாகச் சொன்னாரா என்பது விளங்கவில்லை. உரோமையின் வறுமையும் வங்கத்தின் வறுமையும் தூரத்தில் இருப்பதால் அழகாகத் தெரிகின்றன. சென்னையின் செங்கல்லும் சிமெண்டும் கண்முன் கிடப்பவை. அவற்றில் கலை இருக்க முடியும் என்று நம்புவது கடினம். முதற்பார்வைக்குள்ள வரம்பு இது. அறிமுகமில்லாததை அது கூர்ந்து காண்கிறது; பழகியதைத் தாண்டிப் போய்விடுகிறது.

முதன்முறை பார்த்த மூவர்

முதற்பார்வையை இவ்வளவு பொருட்படுத்த வேண்டுமா என்று வாசகர் வினவலாம். மூவரை எண்ணிப் பார்ப்போம்.

1950இல் விளம்பர நிறுவனப் பணிக்காக இலண்டன் சென்ற சத்யஜித் ரே, அங்கிருந்த சில மாதங்களில் நூற்றை ஒட்டிய எண்ணிக்கையில் படங்களைப் பார்த்தார். அவற்றுள் 'பைசிக்கிள் தீவ்ஸ்' அவரை உலுக்கியது. தொழில்முறை நடிகரும் அரங்கும் இன்றித் தெருவிலேயே படமெடுக்க முடியும் என்ற துணிவு அங்கே பிறந்தது. ஐந்தே ஆண்டுகளில் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது.

1961இல் கனடா நாட்டு இயேசு சபைத் துறவி காஸ்டன் ராபர்ஜ் இந்தியாவுக்கு வரும் வழியில் நியூயார்க்கில் ரேயின் அப்பு படங்கள் மூன்றையும் பார்த்தார். தாம் பணியாற்றப்போகும் மக்களை அவர் முதன்முதலில் சந்தித்தது அத்திரையில்தான் எனலாம். 1970இல் கொல்கத்தாவில் 'சித்ரபாணி' என்னும் தொடர்பியல் மையத்தை நிறுவி, 2020இல் மறையும் வரை தலைமுறை தலைமுறையாக இளைஞர்களுக்குத் திரைப்படத்தைப் பார்க்கக் கற்பித்தார்.

மூன்றாமவர் நமக்கு இன்னும் நெருங்கியவர். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிப் பருவத்திலேயே 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'பதேர் பாஞ்சாலி' ஆகியவற்றைப் பார்க்கும் பேறு பெற்றவர். மட்டக்களப்பில் இயேசு சபையினர் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியின் மாணவர் அவர். பள்ளிச் சுற்றுலாவின்போது டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பையும் கண்டார். பிற்காலத்தில் 'வீடு' எடுத்ததற்கு, தம் சிறுவயதில் தாயார் வீடு கட்டப் பட்ட அல்லலே தூண்டுதல் என்று கூறியிருக்கிறார். தம் வீட்டிலேயே ஒரு படம் இருந்ததை அவரும் பல ஆண்டுகள் கழித்தே கண்டுகொண்டார். 'வீடு' படமாகத் தோன்றவில்லை என்று எழுதிய நம் மாணவர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

மூன்று குறும்படங்கள்

பாலு மகேந்திராவே தமிழ்ச் சிறுகதைகளை வாரந்தோறும் குறும்படங்களாக்கி, 'கதை நேரம்' என்ற பெயரில் தொலைக்காட்சியில் வழங்கியதை வாசகர் பலர் பார்த்திருப்பர். கைப்பேசியிலேயே படமெடுக்கும் வசதி வந்தபின், குறும்படம் எடுக்காத கல்லூரி மாணவரைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆகவே குறும்படக் குறிப்புகளைச் சற்றுக் கவனமாகப் படித்தேன்.

ஆல்பர் லாமொரிஸின் 'ரெட் பலூன்' (1956) 34 நிமிடம் ஓடுவது. பாரிசு நகரில் ஒரு சிறுவனைச் சிவப்புப் பலூன் நாய்க்குட்டிபோலப் பின்தொடர்கிறது. பள்ளியிலும் அதற்கு இடமில்லை. கோவிலுக்குள்ளும் அது வந்துவிட, சிறுவனும் பலூனும் வெளியேற்றப்படுகிறார்கள். பொறாமை கொண்ட சிறுவர்கள் கவண் எறிந்து அதைக் கொல்கிறார்கள். உடனே நகரத்துப் பலூன்களெல்லாம் பறந்துவந்து சிறுவனை வானத்துக்குத் தூக்கிச் செல்கின்றன. மாணவர் இதை உயிர்ப்போடும் விண்ணேற்றத்தோடும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். ஒப்புமை தவறில்லை. ஆனால் அவர் குறிப்பேட்டிலேயே உயிரற்ற பக்கம் அதுதான். பலூன் சுருங்கித் தரையில் கிடந்து காற்றை இழக்கும் அந்த நீண்ட நொடிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. குருவுக்குப் பிடிக்கும் என்று எழுதப்பட்ட பக்கமோ என்று ஐயுறுகிறேன்.

ரேயின் 'டூ' (1964) கால் மணி நேரத்துக்கும் குறைவான ஊமைக் கதை. மாளிகைச் சன்னலில் பொம்மைகள் நிறைந்த செல்வச் சிறுவன். கீழே குடிசையருகே புல்லாங்குழலோடு ஏழைச் சிறுவன். ஒருவன் ஊதினால் மற்றவன் அதைவிட உரக்க ஊதுகிறான். ஏழைச் சிறுவன் பட்டம் விட்டால், பணக்காரச் சிறுவன் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகிறான். இறுதியில் மீண்டும் குழலோசை எழ, மாளிகைக்குள் ஓர் இயந்திரப் பொம்மை தானே நடந்து கட்டைக் கோபுரத்தைச் சாய்க்கிறது. இங்கே மாணவரின் குறிப்பு அருமை: தோற்றவன் ஏழையல்லன் என்பதைப் படம் சொல்கிறது, ஆனால் அந்தச் செல்வச் சிறுவனுக்கு விளையாட ஒருவரும் இல்லை என்பதே தம்மை வாட்டியது என்கிறார்.

நார்மன் மெக்லாரனின் 'நெய்பர்ஸ்' (1952) எட்டு நிமிடப் படம். அயல்வீட்டார் இருவரிடையே எல்லைக்கோட்டில் ஒரு பூ மலர்கிறது. அது யாருடையது என்று தொடங்கிய சண்டையில் வேலியும் வீடும் குடும்பமும் அழிந்து, இருவரும் மடிகின்றனர். அயலாரை நேசிக்கச் சொல்லும் வாசகம் முடிவில் பல மொழிகளில் தோன்றுகிறது. அவ்வாசகம் தேவையில்லை என்கிறார் மாணவர்; இரண்டு கல்லறைகளின்மேல் இரண்டு பூக்களைக் காட்டியபின் அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். விவிலிய வாசகமே வேண்டாம் என்று ஒரு குருவிடம் வாதிடத் துணிவு வேண்டும். நான் அவரோடு உடன்படுகிறேன்.

அதற்குக் காரணம் நற்செய்தியிலேயே உண்டு. தனக்கு அயலார் யார் என்று கேட்ட சட்ட வல்லுநருக்கு ஆண்டவர் விளக்கவுரை தரவில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதையில் அடிபட்டுக் கிடந்த ஒருவனைக் காட்டினார். குருவும் கண்டார், லேவியரும் கண்டார், சமாரியரும் கண்டார். மூவரும் கண்டது ஒரே காட்சி. நின்றவர் ஒருவர். கதையை முடித்தபின்னும் ஆண்டவர் ஒரு கேள்வியையே கேட்டார்; விடையைக் கேட்டவர் வாயிலிருந்தே வரச் செய்தார். ஊதாரி மைந்தன் உவமையிலும் மூத்த மகன் விருந்துக்குள் நுழைந்தானா என்பது சொல்லப்படவில்லை. 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தின் முடிவில் அவமானப்பட்டு அழும் தந்தையின் கையைச் சிறுவன் பற்றிக்கொள்ள, இருவரும் கூட்டத்தில் மறைகிறார்கள். நாளை அவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் சொல்லப்படவில்லை. உவமையை நம்பிய ஆசிரியரின் சீடர்களாகிய நாம், பிள்ளைகளின் குறும்படங்களில் மட்டும் கடைசியில் நீதிவாசகம் எழுதினால்தான் பரிசு என்பது முறையோ?

எடுக்கப்படவிருக்கும் படம்

குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் மாணவர் தாம் எடுக்க எண்ணும் குறும்படத்தின் திட்டத்தை எழுதியிருக்கிறார். 2015 ஜனவரி 31ஆம் நாள் அதிகாலை, இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த தோல் பதனிடும் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றங்கரை ஊர்களின் துயரம் நீதிமன்றம் அறியாததும் அன்று. பாலாற்றைத் தோல் கழிவு கெடுப்பது குறித்த வேலூர் மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே பெயர்பெற்ற தீர்ப்பை வழங்கியிருந்தது.

இந்நிகழ்ச்சியைப் படமாக்க இளைஞர் விரும்புவது பாராட்டத்தக்கது. ஆனால் திட்டத்தில் உள்ளவை இவை: மெதுவோட்டத்தில் கசடு பாய்தல், அழும் தாய், வயலின், இறுதியில் கறுப்புத் திரையில் நான்கு வரி வாசகம். அடகுக் கடையின் மூட்டைகளைக் கண்ட கண், பாசி மூடுவதைக் கண்ட கண், தான் எடுக்கும்போது தான் கண்டவற்றையெல்லாம் மறந்துவிட்டது. பார்க்கும்போது கிடைத்த பொறுமை எடுக்கும்போது கைவிட்டுப் போவது இளையோர் குறும்படங்களில் பெரும்பாலானவற்றின் நோய். துயரத்தின் அளவால் படத்தின் தரத்தை அளக்கும் பழக்கமே அதற்கு வேர்.

இதை அவரிடம் சொன்னபோது ஒரு கேள்வியைச் சேர்த்துச் சொன்னேன். அவ்வங்கத் தொழிலாளர்கள் அந்த இரவு உறங்கப் போகுமுன் என்ன செய்திருப்பார்கள்? அப்புவின் நாட்டிலிருந்து, அப்புவைப் போலவே ஊரைவிட்டுப் புறப்பட்டு, மொழி தெரியாத நம் மாவட்டத்துக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்களை மடிந்தவர்களாகக் காட்டுமுன் வாழ்ந்தவர்களாகக் காட்ட வேண்டாமா? அவர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றால், தெரிந்த ஒருவரிடமிருந்து தொடங்கலாம். கை நின்றுவிடும் என்பதால் சோடிகளை எண்ணாத ஒரு தாய் வீட்டிலேயே இருக்கிறார்.

பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள்

நம் இளையோர் இயக்கங்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் திங்களுக்கு ஒருமுறையேனும் ஒரு நல்ல படத்தைத் திரையிடலாம். ஒரு வெள்ளைச் சுவரும் இரவல் புரொஜெக்டரும் போதும். படம் முடிந்ததும் விளக்கைப் போடுவதற்குச் சற்றுத் தாமதியுங்கள். பின்னர் "என்ன பாடம்?" என்று கேட்பதை ஒத்திவைத்து, "எதைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒரு காட்சியை, ஒரு பொருளை, ஒரு முகத்தைச் சொல்லட்டும். மெதுவாகப் போகிறது என்பவரையும் சொல்ல விடுங்கள். பாடம் பிறகு வரும். சில வேளைகளில் நாம் எதிர்பாராத திசையிலிருந்து, நம்மையே நோக்கி வரும், கோவில் காட்சி வந்ததைப்போல.

மாணவர் தம் திட்டத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். இப்போதைய வடிவில் ஒரு பெண் நான்கு மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, சோறு கட்டிக்கொண்டு, இருட்டில் பேருந்துக்காக நிற்கிறார், பேருந்து வருகிறது, ஏறுகிறார். ஏழு நிமிடம். வசனமில்லை. முடிவு இன்னும் அமையவில்லை என்கிறார். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தாயாரோடு சில நாள் அந்நேரத்தில் எழுந்து, பேருந்து நிற்குமிடம் வரை நடந்துவிட்டு வந்தபின் எழுதலாம்.